தேஷ் வரை

ஜெனீவா, வருகை வாசல், பதினொன்று நாற்பது.
இரண்டு பேரின் பெயரைத் திரையில் ஏற்றி
நெஞ்சுக்கு நேரே பிடித்து நிற்கிறேன்:
திரு, திருமதி பெல்லமி.
வெளியே வந்தவர் ஒருவர்.

தலையசைத்தார். நானும்.
மற்றவர் பின்னால் வருகிறாரா என்று
கழுத்தை நீட்டிப் பார்ப்பது சாரதியின் வேலை இல்லை.
ஆனாலும் நீண்டது கழுத்து.

பெரிய சாமான்கள் வரும் பட்டையில்
இரண்டு சோடி ஸ்கீ.
ஒன்று அவர் தோள் உயரம்.
மற்றது என்னையும் தாண்டி ஒரு சாண்.
இருக்கையின் நடுவை மடித்து
நீளத்துக்குப் படுக்கவைத்தேன்.
வலப்பக்கம் அவர் இருந்தார்.
இடப்பக்கத்துத் தண்ணீர்ப் போத்தலை
எடுத்துவிடலாமா என்று ஒரு கணம்.
எடுக்கவில்லை.

பதினான்கு குளிர்காலமாக இந்த வீதி.
எந்த வளைவில் பிள்ளைகள் வாந்தி எடுக்கும்,
எந்தச் சுரங்கத்தில் போன் அறுந்துபோகும்,
நிமிர்ந்து மேலே போகிறவர்களில் எத்தனை பேர்
அடுத்த சனிக்கிழமை ஊன்றுகோலோடு இறங்குவார்கள்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
முன்னாலிருந்து கதைக்கலாமா என்பது
பின்னாலிருப்பவர் மூச்சில் தெரியும்.
அன்றைக்கு, வேண்டாம் என்றிருந்தது.

லொசான். வெவே.
ஏரி அவர் பக்கத்தில் கூடவே வந்து
மொன்த்ரோவைத் தாண்டியதும் நின்றுகொண்டது.

மார்ட்டினியில் நிறுத்தச் சொன்னார்.
பெற்றோல் நிலையத்துக்குள் போய்
இரண்டு கோப்பியோடு வந்தார்.
என்னுடையதில் சீனி இருந்தது, இரண்டு கரண்டியாவது.
நான் சீனி போடுவதில்லை.
கேட்காமலே சீனி போட்டுப் பழகிய கை அது.
அடிவரை குடித்தேன்.

சியேர் கழிந்து வரும் பைன் காட்டுக்குள்
பலகைகள் பிரெஞ்சை விட்டு ஜெர்மனுக்கு மாறும்.
வெளியேறும் வழி அதேதான், சொல்தான் வேறு.
அங்கேதான் வாய் திறந்தார்:
"இந்த இடம் வந்தால் டங்கன் கை தட்டுவார்.
ஒவ்வொரு வருஷமும்."
நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.
அவர் சொன்னது ஆங்கிலத்தில்.
அந்த வினைச்சொல்லுக்குள்
செத்தவரும் விட்டுப்போனவரும்
ஒரே சப்பாத்தோடு நிற்கிறார்கள்.
தமிழில் அந்தக் காலத்துக்குப் பெயரே
இறந்தகாலம்.

தேஷ்.
இதற்கு மேல் கார் விடமாட்டார்கள். ரயில்தான்.
அந்தப் பேர்போன மலையை
சொக்லேட் பெட்டியில் பார்த்ததோடு சரி.
இங்கிருந்து தெரியாது,
முன்னால் வேறொரு மலை நிற்கும்.

சிறிய சோடியைத் தோளில் வைத்தார்.
பெரியதை இழுக்கப் போனேன்.
"அது இருக்கட்டும்.
யாருக்காவது உதவும்."
என்னை மேலும் கீழும் அளந்து
"உங்களுக்கு உயரம் போதாது" என்றார்.
சிரித்தார். இரண்டே முக்கால் மணி நேரத்தில்
அது ஒன்றுதான்.

இறங்கும் வழியெல்லாம்
வளைவுக்கு வளைவு பின்னால் தட்டிக்கொண்டே வந்தது.
அலுவலகத்திலிருந்து மிர்யானா:
"வண்டியில் எதையாவது மறந்துவிட்டாரா?"
மறக்கவில்லை, விட்டுவிட்டுப் போனார்.
"படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லையே,
மறந்தது என்று போடவா?"
போடாதே என்றேன்.
நாளை காலை ஏழு பத்து, வெர்பியே,
நான்கு பேர், ஒரு பிள்ளை இருக்கை என்றாள்.

மெய்ரானில் எங்கள் லிஃப்டுக்குள்
அது குறுக்காகத்தான் நின்றது.
சுகிர்தா கதவைத் திறந்து
சப்பாத்து மாட்டும் இடத்தில் இருந்த இலக்கத்தை
விரலால் தடவி வாசித்தாள்.
"ஏழரை.
சனி பிடிக்கக் காணாதென்று
ஏழரையைத் தூக்கிக்கொண்டே வந்திட்டியள்."

அது வேறு கணக்கு என்றேன்.
சறுக்கி விழும்போது
எவ்வளவு முறுக்கினால் காலை விட்டுவிட வேண்டும் என்று
ஆளின் எடை கேட்டு, வயது கேட்டு
கடையில் திருகி வைப்பார்கள்.
குறைவாக வைத்தால் சும்மா கழன்றுவிடும்.
கூட்டி வைத்தால்
எலும்பு முறியும், விடாது.

"அப்ப இவருக்கு?" என்றாள்.

எனக்குப் பசித்தது.
கோப்பியின் சீனி இன்னும் பல்லில்.